முகமூடி சாட்சி சொல்லாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தானே குற்றங்களைத் தடுப்பதாக முகமூடி போட்டுக்கொண்டு இரவு ரோந்து சுற்றிய பீனிக்ஸ் ஜோன்ஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கறுப்பும் பொன்னிறமுமான உடை, குண்டு துளைக்காத கவசம், கையில் பெப்பர் ஸ்பிரே என்று ஆளைக் கண்முன் நிறுத்திவிட்டார் கட்டுரையாளர். ஆனால் அதே கதையில் வரும் நகர அரசு வழக்கறிஞர் பீட் ஹோம்ஸுக்கு நாலே வரி. அதிலும், நல்லது செய்ய வந்தவரைப் பிடிக்காத அதிகாரி என்ற தொனி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசுத் தரப்புக்கு வாதாடியே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2011 அக்டோபரில் நடந்ததை மறுபடி பார்ப்போம். நள்ளிரவு தாண்டிய நேரம், கேளிக்கை விடுதிகள் இருக்கும் பகுதி. தெருவில் ஒரு கூட்டம் அடித்துக்கொள்வதாக நினைத்து ஜோன்ஸ் ஓடிப்போய் பெப்பர் ஸ்பிரே அடிக்கிறார். கூட்டத்திலிருந்த ஒரு பெண் அவரைத் திருப்பி அடிப்பது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. போலீஸ் வந்து விசாரித்தால் அந்தக் கூட்டத்தார் சொன்னது வேறு: நாங்கள் ஆடிப்பாடிக்கொண்டு வண்டியை எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம், எங்கிருந்தோ வந்து முகத்தில் அடித்துவிட்டார். யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டாவது வாக்குமூலம் உங்கள் கட்டுரையில் ஓர் இடத்தில்கூட இல்லை. கண் எரிச்சலோடு நின்றவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தானே?

ஜோன்ஸைக் கைது செய்தார்கள். சில நாள் கழித்து கோர்ட்டுக்கு முகமூடியோடு வந்தார். உள்ளே கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். வெளியே வந்து நிருபர்கள் முன்னால் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, ரோந்து தொடரும் என்றார். அடுத்த மாதம், வழக்குத் தொடரப் போவதில்லை என்று ஹோம்ஸின் அலுவலகம் அறிவித்தது. அதே மூச்சில் இவர் வீரர் அல்ல, வழிதவறிப்போனவர் என்றும் ஹோம்ஸ் சொன்னார்.

இதைத்தான் கட்டுரையாளர் 'மழுப்பல்' என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை போடுவது போலீஸ். அதன் பிறகுதான் வழக்கு எங்கள் மேசைக்கு வரும். அங்கே வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதே அரசு வழக்கறிஞரின் முடிவு. சியாட்டிலில் அந்தப் பதவி தேர்தலில் வெல்ல வேண்டிய பதவியும்கூட. அந்த முகமூடிக்காரரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்களும் வாக்காளர்கள்தான். வழக்குப் போட்டால், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஆறு பேர் ஜூரியில் ஒரே ஒரு ரசிகர் போதும், ஒருமித்த தீர்ப்பு கிடைக்காமல் போக. போடாவிட்டால் அரசே அனுமதி கொடுத்துவிட்டதாக அடுத்த இளைஞர் கிளம்புவார். இரண்டு பக்கமும் இடி. அதனால்தான் வழக்கைக் கைவிட்ட கையோடு அவ்வளவு கடுமையாகப் பேச வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் சாட்சியம். முகமூடிக்காரர் உண்மையிலேயே ஒரு திருடனைப் பிடித்துக் கொடுக்கிறார் என்றே வையுங்கள். பார்த்த சாட்சி யார்? அவர்தான். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமையை அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது திருத்தம் 1791 முதல் கொடுத்திருக்கிறது. கூண்டில் ஏறினால் முகம் வேண்டும், பெயர் வேண்டும், குறுக்கு விசாரணைக்குப் பதில் வேண்டும். அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை, யாரை முதலில் தொட்டீர்கள், எத்தனை அடி அடித்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அரசு வழக்கறிஞர் தலையைக் குனிந்து குறிப்பெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தன் வழக்கு தன் சாட்சியாலேயே உடைவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதை நான் பார்த்திருக்கிறேன். நான் நடத்திய ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கில், ஊர் இளைஞர்கள் ஆளைத் துரத்திப் பிடித்து கம்பத்தில் கட்டி அடித்துவிட்டு போலீஸில் ஒப்படைத்தார்கள். விசாரணை நாளில் பிடித்தவர்கள் யாரும் பிடித்ததாகச் சொல்லவில்லை. சொன்னால் அடித்த வழக்கு தங்கள் மேல் திரும்பும் என்ற பயம். ஒருவர் பின் ஒருவராக முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சி ஆனார்கள். டாக்டரின் காயச் சான்றிதழ் மட்டும் தெளிவாக இருந்தது. நகையை மீட்டதாகப் போலீஸ் எழுதிய மகஜரையும் நீதிபதி நம்பவில்லை. ஆள் விடுதலை. சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், ஊரே பார்த்ததே" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்ல?

கண்ணெதிரே குற்றம் நடந்தால் யாரும் கை கட்டி நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கண்ணெதிரே ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், பொதுமக்களில் யாரும் ஆளைப் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40வது பிரிவு அது. பிடிப்பவர் பிறகு கோர்ட்டுக்கு வந்து தன் பெயரைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்படுவதால்தான் மக்கள் முகமூடிக்குக் கை தட்டுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. சம்மன் கொடுக்க ஆள் இல்லாமல், சாட்சிக்குப் பஸ் காசுகூடக் கிடைக்காமல் வாய்தா வாய்தாவாகப் போவதைப் பற்றி உங்கள் இதழ் ஒரு தொடரே எழுதலாம். எழுதினால் தகவல் தர நானும், பணியில் இருக்கும் சில நண்பர்களும் தயார். இப்போதைக்கு, சியாட்டிலில் ஸ்பிரே பட்டவர்கள் போலீஸிடம் சொன்னதையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு உதவி வழக்கறிஞர்,
திருநெல்வேலி.