அம்மாவின் பயணத்துக்குக் கடன் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து என் மனம் அதிலேயே கிடக்கிறது. பொங்கலுக்கு அம்மாவைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறாய். பூட்டனார் ஒப்பந்தக் கூலியாக இங்கே தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறுவதற்கு முன் வாழ்ந்த வட ஆற்காட்டுக் கிராமத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அம்மாவுக்கு 71 வயதாகிறது, முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்விடுங்கள். ஆனால் டிக்கெட்டுக்கான 30,000 ரேண்டைக் கடனாக வாங்கப் போகிறேன் என்றாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உன்னைப் போல் பலர் இதே யோசனையில் இருப்பதால், எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

"சேமிப்பை எடுத்தால் திரும்பப் போட மாட்டேன் அக்கா, கடன் என்றால் கட்டித்தான் தீருவேன்" என்றாய். உன்னை நீ சரியாக அறிந்திருக்கிறாய். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு நீ என்ன விலை கொடுக்கிறாய் என்று பார்.

உனக்குச் சொல்லப்பட்ட வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், 24 மாதத் தவணை. தொடக்கக் கட்டணம் வரியோடு 1,207 ரேண்ட் 50 சென்ட். அதையும் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள். மாதாந்தரச் சேவைக் கட்டணம் வரியோடு 69 ரேண்ட். கூட்டிப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 1,720 ரேண்ட், மொத்தம் 41,250 ரேண்டுக்கு மேல். கடன் காப்புறுதி இதற்கு மேல் தனி. 30,000 ரேண்டைச் செலவழிக்க 11,000 ரேண்டுக்கு மேல் கூலி! தேசியக் கடன் சட்டப்படி, கையெழுத்துக்கு முன் இந்தக் கணக்கு முழுவதையும் எழுத்தில் தர வேண்டும்; அந்தத் தாள் ஐந்து வேலை நாட்களுக்குச் செல்லும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், அதைக் கேட்டு வாங்கி, மொத்தத் தொகை எழுதியிருக்கும் வரியைப் படித்துப் பார்.

அப்பாவின் 16ஆம் நாள் சடங்குக்கு நானும் இதைத்தான் செய்தேன். பிள்ளையின் படிப்புக்கென்று போட்ட பணம் வங்கியில் இருந்தது. அதைத் தொட்டால் பாவம் என்பதுபோல் ஒதுங்கி, கடன் வாங்கினேன். நான் படிக்காமல் கையெழுத்திட்ட பக்கத்தில் காப்புறுதியும் இருந்தது. என் பணம் எனக்கு ஈட்டிய வட்டியைப்போல் மூன்று மடங்கை மூன்று ஆண்டுகள் கட்டினேன். அப்போது எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆகவே, 32 நாள் முன்னதாகச் சொல்லி எடுக்கும் அறிவிப்புக் கணக்கில் நீ வைத்திருக்கும் 65,000 ரேண்டிலிருந்து எடு. மீதி 35,000 உன் வீட்டின் மூன்று மாதச் செலவுக்குக் காணும். அவ்வளவு மிஞ்சாது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடு என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போதும் கடன் வாங்கு என்று சொல்லியிருக்க மாட்டேன். கடனுக்குக் கட்ட நினைத்த அதே 1,720 ரேண்டைச் சம்பளம் விழுந்த மறுநாளே உன் சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடு. 18ஆம் மாதத்தில் பள்ளம் நிரம்பிவிடும். கடன் கொடுத்தவருக்கு என்றால் இன்னும் ஆறு தவணை பாக்கி இருக்கும்.

சேமிப்பு என்றதும் ஓய்வூதியப் பணத்தின் பக்கம் போய்விடாதே. ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கைச் 'சேமிப்புப் பானை' என்று பிரித்து, ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் இரண்டு பானை முறை 2024 செப்டம்பரில் வந்ததிலிருந்து வேலையிடத்தில் எல்லோரும் அந்தப் பானையில் கை வைக்கிறார்கள். நீ எடுப்பது அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். உன் வரி விகிதம் 26 சதவீதம் என்றால் 30,000 ரேண்டில் 7,800 ரேண்ட் வரிக்கே போய்விடும். பழைய வரிப் பாக்கி இருந்தால் அதையும் பிடிப்பார்கள். வரியில்லாச் சேமிப்புக் கணக்கையும் விட்டுவிடு. அதில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் போடக்கூடியது 5,00,000 ரேண்ட்தான். எடுத்ததைத் திரும்பப் போட்டாலும் புதிதாகப் போட்டதாகவே கணக்கில் ஏறும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பூட்டனாரைப் போல் கூலி ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்தும் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் தங்கிய இந்தியர்கள்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்தது. முதலாண்டு ஒப்பந்தக் கூலியோ மாதம் 10 ஷில்லிங்; அந்தக் கணக்கில் வரி மட்டுமே ஆறு மாத உழைப்பு. கட்ட வழியின்றிப் பலர் மறுபடியும் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துக் கரும்புத் தோட்டத்துக்கே திரும்பினார்கள். 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. பூட்டனாரின் ஊரைப் பார்க்கப் போகும் பயணத்துக்காக, இன்னும் உழைக்காத இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் பங்கு எழுதிக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை, தம்பி.

அங்கே தங்கும் செலவும் வண்டிச் செலவும் என்னுடையவை. நீ மறுக்கக் கூடாது. பணம் கைக்கு வர 32 நாள் ஆகும், டிசம்பரில் டிக்கெட் விலை ஏறிவிடும்; அதனால் நாளையே வங்கிக்கு அறிவிப்புக் கொடுத்துவிடு. பூட்டனாரின் கப்பல் பதிவு நகலை அம்மா பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். அதில் ஊர்ப் பெயர் மங்கலாக இருக்கிறது. சனிக்கிழமை வா, மூவரும் சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா