ராபினை எழுப்பும் பூ

ஒனியோன்டா,
நியூயார்க் மாநிலம்.
மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மா அனுப்பிய வடகம் நொறுங்காமல் வந்து சேர்ந்தது.

ஏப்ரல் வரை இங்கே மரங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. பிறகு பத்தே நாளில் மலை முழுக்கப் பச்சை. சென்ற ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் நடந்தபோது, மூன்று இலை, மூன்று இதழ் கொண்ட ஒரு வெள்ளைப் பூவைக் காட்டி, "இதன் பெயர் என்னம்மா?" என்று கேட்டாள் யாழினி. எனக்குத் தெரியவில்லை. வரப்பில் நடக்கும்போது தும்பை, குப்பைமேனி, நாயுருவி என்று நீங்கள் எனக்குக் காட்டிக்கொண்டே வருவீர்களே, அது நினைவுக்கு வந்தது. ஏழு வருடமாக வாழும் ஊரில் என் மகளுக்குச் சொல்ல ஒரு பூவின் பெயர்கூட என்னிடம் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அப்பா.

மறுநாள் நூலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்த அம்மாள் பூவின் பெயரைச் சொன்னதோடு ஒரு புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். சூசன் ஃபெனிமோர் கூப்பர் எழுதிய 'ரூரல் அவர்ஸ்'. 1850-இல் வந்தது, இயற்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற தோரோவின் 'வால்டன்' நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. முதல் பதிப்பில் சூசனின் பெயரே கிடையாது. 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள்.

அவருடைய ஊரான கூப்பர்ஸ்டவுன் இங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆட்சிகோ ஏரியின் தென்கரையில் இருக்கிறது. எங்கள் ஊர் வழியாக ஓடும் சஸ்குவெஹானா ஆறு அந்த ஏரியில்தான் பிறக்கிறது. ஊரை உருவாக்கியவர் அவருடைய தாத்தா. அவருடைய தந்தை, புகழ்பெற்ற நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். சூசன் 1813-இல் பிறந்தவர். சிறுவயதில் ஏழு ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்தவர். திரும்பி வந்தபின் அந்த ஏரிக்கரையே அவருக்கு உலகம். ஏரியில் பனிக்கட்டி எப்போது உடைந்தது, எந்தப் பறவை எப்போது வந்தது, மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி எப்படிச் சர்க்கரை எடுக்கிறார்கள் என்று எழுதி வைத்த குறிப்புகளே நான்கு பருவங்களாகப் புத்தகமாயின. நாட்காட்டி ஓரத்தில் நீங்கள் மழையைக் குறித்து வைப்பீர்களே, அதே புத்தி.

பூக்களுக்கு லத்தீன் பெயர்களைச் சூட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தாய்மாரும் செவிலியரும் குழந்தைக்குச் சொல்லித் தரக்கூடிய பெயர்கள் வேண்டும் என்கிறார். யாழினி காட்டிய பூவின் புத்தகப் பெயர் ட்ரில்லியம். ஊர்ப் பெயரோ 'ராபினை எழுப்பும் பூ'! ராபின் பறவை திரும்பி வரும் வசந்தத்தில் பூப்பதால் அப்படி. இரண்டாவது பெயரைத்தான் யாழினி பிடித்துக்கொண்டாள்.

களைகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார். புல்வெளியெங்கும் மஞ்சளாகப் பூக்கும் டாண்டெலியன் இந்த மண்ணுடையது என்றே நினைத்திருந்தேன். அது கடல் கடந்து வந்து குடியேறியது. வந்த களைகள் இந்த நாட்டுச் செடிகளை ஓரம் தள்ளுவதை அவர் அவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார். 1862-இல் அதைப் படித்த டார்வின், "யார் இந்தப் பெண்?" என்று தம் தாவரவியல் நண்பர் ஆசா கிரேவுக்கு எழுதிக் கேட்டாராம். நம் கண்மாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலம் இந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதானே, அப்பா? உங்களை நினைத்துக்கொண்டே அந்தப் பக்கங்களைப் படித்தேன்.

மரங்கள் விழுவது அவரை மிகவும் வாட்டியிருக்கிறது. காசுக்கு விற்கும் விலை தவிர மரத்துக்கு வேறு மதிப்பும் உண்டு என்று வாதாடுகிறார். மைல் கணக்கில் நீண்டு பறந்த காட்டுப்புறாக் கூட்டங்கள் குறைந்துவிட்டதையும் அப்போதே எழுதிவிட்டார். அந்த இனத்தின் கடைசிப் புறா 1914-இல் ஒரு மிருகக்காட்சி சாலையில் செத்தது.

ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்று 1870-இல் எழுதியவரும் இவர்தான். அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன், மனம் ஒப்பவில்லை. ஆனால் 1873-இல் ஐந்து பிள்ளைகளோடு ஓர் அநாதை இல்லம் தொடங்கி, அதைப் பெரிதாக வளர்த்திருக்கிறார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1894-ஆம் ஆண்டின் கடைசி நாளில், அதே ஊரில் இறந்தார்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஏரிக்கரைக்குப் போகிறோம். யாழினிக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ராபினை எழுப்பும் பூவை வரைந்திருக்கிறாள். அடுத்த பக்கங்களுக்கு நம் வயலில் இருப்பவற்றின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். கிணற்றடியில் ஊதாவாகப் பூக்குமே, அதற்கு நீங்கள் ஒரு பெயர் சொல்வீர்கள், அம்மா வேறொன்று சொல்வாள். இரண்டையும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
கயல்விழி