நீலமாகத் தெரிந்த குளம்

ஆசிரியருக்கு,

வனவிலங்குப் பூங்காவுக்குக் கிளம்புமுன் செயற்கைக்கோள் வரைபடத்தில் நீர்நிலை, புல்வெளி, மண்பாதை எல்லாம் பார்த்து வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் படம் இன்று எடுத்ததல்ல. சில சமயம் ஓரிரு வருடம் பழையது. நான் நீலமாகப் பார்த்துவிட்டுப் போன குளத்தில் வெடித்த சேறும் காய்ந்துபோன குளம்புத் தடங்களும்தான் இருந்தன.

ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை. 4 செயற்கைக்கோள்கள் கிடைத்தால் போதும். வரைபடத்தைத்தான் முன்பே இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும்!

அப்புறம் ஒன்று. காண்டாமிருகத்தைப் படமெடுப்பவர்கள் கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். படத்தோடு சேர்ந்து பதிவாகும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கள்ள வேட்டைக்காரர்கள் கையிலும் சிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்