சுவர்க்கோழி வளர்க்கும் ஊரிலிருந்து

கோன் கேன்,
தாய்லாந்து

அன்புள்ள அக்கா,

அங்கே பூச்சி தின்கிறார்களாமே, சோற்றுக்கு வழியில்லாத ஊரா என்று கேட்டிருந்தாய். இல்லை அக்கா. சோறும் மீனும் கறியும் தாராளமாகக் கிடைக்கிற ஊர்தான். ருசிக்காகவே சாப்பிடுகிறார்கள். மூங்கில் புழுவும், முசுறு என்கிற சிவப்பு எறும்பின் முட்டையும் கோழிக்கறியைவிட விலை கூடியவை. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் உன் அருவருப்பு பாதி குறையும் என்று நினைக்கிறேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

அதிகம் விற்பது சுவர்க்கோழி, ராத்திரியில் கிறீச்சென்று கத்துமே, அந்தப் பூச்சி. இப்போது அதை வயலில் தேடிப் பிடிப்பதைவிட வீட்டுப் பின்கட்டில் வளர்ப்பதுதான் அதிகம். 1998 வாக்கில் இங்குள்ள கோன் கேன் பல்கலைக்கழகத்தார் சொல்லிக்கொடுத்துப் பரவிய தொழில். சிமென்ட் கல்லால் ஒரு தொட்டி கட்டுகிறார்கள்: நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.2, உயரம் 0.6. உள்ளே கோழிமுட்டை அடுக்கும் காகித அட்டைகளை நிறுத்திவைத்து அடுக்குகிறார்கள். சுவரின் உட்பக்கம், விளிம்பையொட்டி, வழவழப்பான பிளாஸ்டிக் டேப் ஒட்டிவிட்டால் கால் வழுக்கும், பூச்சி ஏறி ஓடாது. பல்லி இறங்காமலிருக்க மேலே கொசுவலை. எறும்புக்குத் தடையாகத் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் சிறு வாய்க்கால்.

ஆண் பூச்சிகள் கத்தத் தொடங்கியதும், உமிக்கரியும் மணலும் கலந்து ஈரப்படுத்திய கிண்ணங்களை உள்ளே வைப்பார்கள். பெண் பூச்சி பின்னால் நீண்டிருக்கும் ஊசியை அதில் குத்தி முட்டையிடும். ஒரு நாள் கழித்துக் கிண்ணத்தை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அங்கேயே விட்டால் பெரியவை முட்டையைத் தின்றுவிடும். 7 முதல் 10 நாளில் பொரியும். ஈரம் காய்ந்தால் பொரியாது, கூடினால் பூஞ்சை பிடிக்கும். குஞ்சு எறும்பளவுதான் இருக்கும், தட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே மூழ்கிச் சாகும். அதனால் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல்லை நிரப்பி, கல் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுகிறார்கள். தோலுரித்த பூச்சி சற்று நேரம் வெளுத்து மெத்தென்று இருக்கும். அப்போது ஒளிய இடமில்லாவிட்டால் மற்றவை கடித்துத் தின்றுவிடும். அட்டையில் சிக்கனம் பார்த்தால் நஷ்டம் இங்கேதான் வருகிறது.

தீவனம் கோழித்தீவனம்தான். சுமார் 45 நாளில் எடுத்துவிடலாம். ஆனால் கடைசி இரண்டு மூன்று நாள் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பூசணியும் மரவள்ளி இலையும் மட்டும் போடுகிறார்கள். குடலில் தீவனம் இருந்தால் எப்படி வறுத்தாலும் அந்த வாடை போகாது. நல்ல பண்ணையையும் மட்டமான பண்ணையையும் பிரித்துக் காட்டுவது இந்த மூன்று நாள்தான் என்பேன். மருந்தடித்த இலை ஒரு கட்டு போதும், தொட்டி முழுக்கச் செத்துப்போகும். நோயும் வரும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு வைரஸ் பல பண்ணைகளையே காலி செய்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் தொட்டியைக் கழுவிக் காயவிட்டு, புது அட்டை வைப்பது நல்லது. 2017-ல் தாய்லாந்து அரசு இந்தப் பண்ணைகளுக்கென்றே தரவிதி கொண்டுவந்தது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியமும் வீட்டுச் சுவர்க்கோழி என்கிற வகையை உணவாக அனுமதித்தது.

சமையலுக்கு வருகிறேன். தானாகச் செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மற்றதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் கொதிநீரில் போடவேண்டும். நேரே எண்ணெயில் போட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. வெறும் வறுப்பில் எல்லாக் கிருமியும் சாகாது. முதலில் நன்றாக வேகவைக்க வேண்டும். சில கிருமிகளின் வித்துகள் கொதியையும் தாங்கிவிடும், அதனால் உடனே வறுக்காவிட்டால் ஐஸில் வைத்துவிட வேண்டும். வறுக்கும்போது ஈரத்தை முழுக்க வடித்துவிடு, இல்லையென்றால் எண்ணெய் தெறிக்கும். சூடான எண்ணெயில் முதலில் ரம்பை இலையோ எலுமிச்சை இலையோ, பிறகு பூச்சி. நுரை அடங்கி, கிளறினால் சலசலவென்று காய்ந்த சத்தம் கேட்டதும் எடுத்து, சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் தூவிப் புரட்டினால் முடிந்தது. மொறுமொறுவென்று, உள்ளே வறுத்த பருப்பு மாதிரி இருக்கும்.

வெட்டுக்கிளிக்கு ஒரு வேலை கூடுதல். சிறகையும் பின்னங்காலையும் கிள்ளிவிட வேண்டும். அந்தக் காலிலுள்ள முள் குடலில் சிக்கிக்கொள்ளும். வெட்டுக்கிளியும் பட்டுக்கூட்டுப் புழுவும் வெளியே கிடந்து கெட்டால், ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் சேரும். அது சூட்டில் அழியாது. முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். எனவே பழசை மறுபடி வறுத்து விற்கிற வண்டியில் வாங்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது முசுறு முட்டை. மாங்கிளையில் இலைகளைத் தைத்துக் கட்டிய கூட்டை, நீண்ட கழியில் கட்டிய கூடையால் குத்தி உலுக்குவார்கள். கொட்டியதன்மேல் மரவள்ளி மாவைத் தூவினால் எறும்பின் கால் பிடி விட்டு, மேலே ஏறிக் கடிக்க முடியாது. எறும்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டால் மறுபடி கூடு கட்டும். முட்டை என்கிறார்களே தவிர, பெரும்பாலும் ராணி எறும்பாகப் போகிற வெள்ளைப் புழுவும் கூட்டுப்புழுவும்தான். வெயில் காலத்தில் மட்டும் கிடைக்கும். வாயில் வைத்தால் வெடித்து, பாலும் புளிப்புமாக இருக்கும். கீரையோடு சாறு வைப்பார்கள், வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிசைந்தும் தின்பார்கள்.

அக்கா, தெரியாத வண்டை மட்டும் யாரும் பிடித்து வறுக்கக் கூடாது. கொப்புள வண்டு என்று ஒன்று உண்டு. அதன் நஞ்சு வறுத்தாலும் போகாது, சிறுநீரகத்தைத் தாக்கும், ஆளையே கொல்லும்.

நீங்கள் எல்லோரும் இங்கே வரும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். அத்தானுக்கு இறால் ஒத்துக்கொள்ளாதே, இறாலில் ஒவ்வாமை கிளப்புகிற அதே வகைப் புரதம் பூச்சியிலும் இருக்கிறது. சுவர்க்கோழி மாவு கலந்த பிஸ்கட்கூட அவர் தொடக் கூடாது. பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று நான் படித்துச் சொல்லாமல் எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் தம்பி