பேத்தியின் இரத்தத்தில் தென்பட்ட வைரஸ்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

பினாங்கிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த உன் பேத்திக்கு, உன் மருமகள் தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்து, அது நன்றாக வேலை செய்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் இப்போது இரத்தத்தில் எப்ஸ்டீன் பார் வைரஸ் தென்பட்டிருப்பதாகவும், உடல் புது உறுப்பைத் தள்ளாமலிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை மருத்துவர் குறைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். "மருந்தைக் குறைத்தால் உடல் புதுக் கல்லீரலைத் தள்ளிவிடாதா?" என்று நீ கேட்டதில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. தாதியாக வேலை பார்த்த காலத்தில் பல தாய்மார் இதையே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடலில் சிறு வயதிலேயே நுழைந்து, வெள்ளணுக்களில் ஒருவகையான பி அணுக்களுக்குள் ஆயுள் முழுவதும் சத்தமின்றித் தங்கிவிடுகிறது. அதை அடக்கி வைப்பவை டி அணுக்கள். உன் பேத்தி அந்த வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே தாயின் கல்லீரல் வழியாக அது அவள் உடலுக்குள் வந்திருக்கலாம். அதே வேளையில் டாக்ரோலிமஸ் அவளது டி அணுக்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. தடுப்பாரில்லாமல் பி அணுக்கள் பெருகினால், அது நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் போன்ற ஒரு நோயாக மாறக்கூடும். இந்த வைரஸை நேராகத் தாக்கி அழிக்க நம்பகமான மருந்து இன்னும் இல்லை. குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல்தான் அதற்கு மருந்து; ஆகவேதான் வைரஸின் அளவு ஏறத் தொடங்கியதும் கட்டைச் சற்றுத் தளர்த்துகிறார்கள். கல்லீரல் மற்ற உறுப்புகளைவிட எளிதாக உடலோடு இணங்கிப்போகும் உறுப்பு. நிராகரிப்பு தொடங்கினாலும் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயர்ந்து பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குச் சிகிச்சையும் உண்டு. மருத்துவர் செய்தது சரியென்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதேபோல் மாற்று உறுப்போடு வரக்கூடிய இன்னொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸின் கதை வேறு. அதற்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. கொடுத்தவரிடம் அந்த வைரஸ் இருந்து, பெற்றவரிடம் இல்லாதபோதுதான் ஆபத்து மிகுதி. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் வரை முன்காப்பாகக் கொடுப்பார்கள். மருந்தை நிறுத்திய பிறகு வரும் மாதங்களில்தான் அது தலைகாட்டுவதுண்டு. எனவே மருந்து முடிந்துவிட்டதே என்று காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் அலட்சியப்படுத்த வேண்டாம் என்று மருமகளிடம் சொல்.

கல்லீரல் மாற்று செய்துகொண்ட என் அண்ணனின் நிலையை நீ அறிவாய். பச்சிளங்குழந்தைகளுக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி போடும் வழக்கம் நம் நாட்டில் 1989இல்தான் வந்தது. அவர் அதற்குப் பல ஆண்டுகள் முன் பிறந்தவர். பழைய கல்லீரலைக் கெடுத்த அதே வைரஸ் புதியதையும் பிடித்துவிடாமல் இருக்க, தினமும் என்டெகாவிர் என்ற வைரஸ் தடுப்பு மருந்தைச் சாப்பிடுகிறார். பெரியவர்களுக்கு ஏற்கெனவே உடலில் உள்ளது மீண்டும் எழுவதே பெரும்பாலும் கவலை, குழந்தைகளுக்கோ முதன்முறை வருவது. இரத்தப் பரிசோதனை நாளில் அண்ணன் காலை டாக்ரோலிமஸைச் சட்டைப் பையில் எடுத்துப்போய், இரத்தம் எடுத்த பிறகே விழுங்குவார். முன்பே சாப்பிட்டால் மருந்தின் அளவு கூடுதலாகக் காட்டி, மருத்துவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். பேத்திக்கும் இதை மறக்காதீர்கள்.

அக்கம்பக்கத்துக் கிளினிக்கில் தரும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பேத்தியின் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம். அவை டாக்ரோலிமஸின் அளவை மளமளவென ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் அப்படித்தான்; ஆசையாகத் தம்பூன் பம்பளிமாஸ் வாங்கி வருபவர்களிடமும் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. மூத்த பேரனுக்குச் சின்னம்மை தடுப்பூசி போடவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். பேத்திக்கு உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை இப்போது போட இயலாததால், வீட்டாரின் பாதுகாப்பே அவளுக்கு அரண். சின்னம்மை வந்த குழந்தையோடு அவள் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

கழுத்தில் கட்டி, விடாத காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே இரு. அடுத்த பரிசோதனையில் வைரஸின் அளவும் நொதிகளின் அளவும் எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
சரோஜா