கனெக்டர் பின்னின் வேலையை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்

டிரெய்லர் இழுக்கும் மோட்டார் சைக்கிள்களின் மின் இணைப்புகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அந்த வண்டிகளுக்குப் பின்னால் ஓடும் சிறிய டிரெய்லர்களைத் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நண்பர் ஒருவரின் பைக்கில் டிரெய்லர் லைட்டுகளுக்கு ஒயரிங் செய்து கொடுத்தது நான்தான். டிரெய்லரிலிருந்து நான்கு ஒயர்கள் வந்தன. இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், டெயில் லைட், எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் ஒயர்) என்று பைக்கிலும் நான்கைப் பிரித்து இணைத்தேன். நிறுத்தி வைத்த வண்டியில் இண்டிகேட்டரையும் டெயில் லைட்டையும் போட்டுப் பார்த்தோம், எல்லாம் எரிந்தன. நான்குக்கு நான்கு சரியாகப் பொருந்திவிட்டதால், விட்டுப்போனது எதுவும் உண்டா என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று மாலை மங்கும் நேரத்தில் அவருக்குப் பின்னால் என் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு திருப்பத்தில் அவர் திடீரென்று வேகத்தைக் குறைத்தார். டிரெய்லரின் விளக்குகளில் எந்த மாற்றமும் இல்லை. அவருடைய பைக்கின் பிரேக் லைட் எரியத்தான் செய்தது. டிரெய்லரின் பெட்டி அதை முழுக்க மறைத்திருந்தது. டிரெய்லரின் பின்பக்கத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் இடையில் ஓர் எட்டு வைக்கும் இடம்தான் மிச்சமிருந்தது. பின்னால் வந்தவன் நானாக இல்லாமல், நான்கு பேரை ஏற்றிவந்த காராக இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த நினைப்புதான் இந்த மடலை எழுத வைத்தது.

தவறு என்னுடையது. ஆனால் அது எப்படி நடந்தது என்பதை நீங்கள் கேட்க வேண்டும். அந்த டிரெய்லர் நான்கு ஒயர் முறையில் செய்யப்பட்டது. அதில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பக்கத்துக்கு ஒரே ஒயரும், பல்புக்குள் எரியும் ஒரே இழையும்தான்: விட்டுவிட்டு எரிந்தால் திரும்புகிறார், நின்று எரிந்தால் பிரேக் பிடிக்கிறார். பெரும்பாலான பைக்குகளில் பிரேக் தனி, இண்டிகேட்டர் தனி; எர்த்தையும் சேர்த்து ஐந்து ஒயர்கள். ஐந்தை நான்காக மாற்ற நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். பிரேக் பிடித்தால் இரண்டு பக்கமும் நின்று எரிய வேண்டும். பிரேக்கோடு இடது இண்டிகேட்டரும் போட்டால் இடது சிமிட்ட, வலது நின்று எரிய வேண்டும். இந்த முடிவை எடுப்பதுதான் கன்வெர்ட்டரின் வேலை. இதில் ஒரு வரிகூட டிரெய்லரின் மேல் எழுதியிருக்கவில்லை. கூட வந்த காகிதத்தில் இருந்தவை நான்கு நிறங்கள் மட்டும்.

பிரேக் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் பலர் அடுத்து செய்வது இன்னொரு தவறு. பிரேக் ஒயரை இரண்டாகப் பிரித்து, இடது, வலது இண்டிகேட்டர் ஒயர்களோடு நேராக முறுக்கிவிடுகிறார்கள். பிரேக்கைத் தொட்டதும் மின்சாரம் பின்னோக்கியும் ஓடி, பைக்கின் முன்பக்க இண்டிகேட்டர்கள்கூட நின்று எரிகின்றன. பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பினால் சிமிட்டலே தெரியாது. எதிரே வருபவர் அதை எப்படிப் படிப்பார்?

இப்போது நிறங்களைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'நிறத்தைப் பார்த்து இணைத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் உங்களிடமிருந்து எங்களுக்குக் கிடைக்கும் ஒரே அறிவுரை. அமெரிக்க வழக்கப்படி செய்த நான்கு ஒயர் டிரெய்லரில் வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. அந்தப் பச்சையைப் பைக்கில் தேடிப் போங்கள். ஹோண்டா வண்டிகளில் பச்சை என்றால் எர்த். கவாஸாகியில் பச்சை இடது இண்டிகேட்டர். யமஹாவில் கரும்பச்சை வலது இண்டிகேட்டர். பழுப்பைத் தேடினால், ஹார்லி டேவிட்சனில் அது வலது இண்டிகேட்டர். இடது அங்கே ஊதா. ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டிக்குள் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டு ஒழுங்குகள் சந்திக்கும் இடம், பைக்கின் ஒயர்களையும் டிரெய்லரின் ஒயர்களையும் இணைக்கும் அந்தக் கனெக்டர். அங்கேதான் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. டிரெய்லரின் பச்சையை ஹோண்டாவின் பச்சையோடு சேர்ப்பவர் வலது இண்டிகேட்டரை எர்த்தோடு சேர்க்கிறார். நிறம் பார்த்து இணைத்தவர் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்.

கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்களின் எண்ணிக்கையும் உதவுவதில்லை. ஏழு பின் என்று கேட்டு வாங்கினால் ஐரோப்பிய வட்டப் பின் சாக்கெட்டும் கிடைக்கும், தட்டைத் தகடுகள் கொண்ட அமெரிக்க சாக்கெட்டும் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது, பின்களின் வேலையும் வேறு.

வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். ஐஎஸ்ஓ 1724 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் 12 வோல்ட் ஏழு பின் கனெக்டரில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வேலை உண்டு: 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 6 பிரேக், 5 வலது டெயில், 7 இடது டெயில். ஒயரின் நிறம் வெளிறினாலும், யாராவது இடையில் வேறு ஒயர் ஒட்டினாலும் எண் மாறாது. அந்தப் பெரிய கனெக்டரைப் பைக்கில் வையுங்கள் என்று கேட்கவில்லை. உங்களுடையது ஐந்து பின்னோ ஆறு பின்னோ, எதுவாகவும் இருக்கட்டும். பின்னின் வேலையை அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடது, வலது, பிரேக், டெயில், எர்த் என்ற ஐந்து சொற்களுக்கு அந்த பிளாஸ்டிக் மூடியில் இடம் இருக்கிறது.

கூடவே ஓர் எண்ணும் வேண்டும்: அந்தப் பின் எத்தனை ஆம்பியர் தாங்கும்? 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் எடுக்கும். டிரெய்லரில் இரண்டு பிரேக் பல்பு என்றால் 3.5 ஆம்பியர். இது பைக்கின் சொந்த பல்புக்கு மேல், அதே மெல்லிய ஒயரில் கூடுதலாக ஓடுகிறது. பழைய பைக்கில் பெரும்பாலும் ஃபியூஸ்தான் போகும். மின் பாகங்கள் கேன் பஸ் என்ற தகவல் இணைப்பு வழியே பேசிக்கொள்ளும் புதிய வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு விளக்கின் மின்னோட்டத்தையும் கவனிக்கிறது. அளவு மீறினால் ஷார்ட் என்று நினைத்து அந்த விளக்கையே அணைத்துவிடும். டிரெய்லரின் பிரேக் லைட்டோடு பைக்கின் பிரேக் லைட்டும் போய்விடும். டெயிலுக்கும் பிரேக்குக்கும் ஒரே எல்இடியை வைத்து, டெயிலுக்கு மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி மங்கலாக எரிய வைக்கும் வண்டிகளில், சாதாரண கன்வெர்ட்டர் எதைப் பிரேக் என்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுகிறது.

இதற்குத்தான் ஐசொலேட்டர். பைக்கின் விளக்கு ஒயர்களிலிருந்து அது சைகையை மட்டும் எடுத்துக்கொள்ளும். டிரெய்லருக்கான மின்சாரம் தனி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து போகும். உங்கள் கனெக்டருக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கிறதா, அல்லது அது விளக்கு ஒயரிலிருந்து பிரித்த வெறும் கிளையா? வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சர்வீஸ் மையத்தின் மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும் படம் எங்களுக்கு இல்லாத படம்தான். வண்டி வாங்கியவருக்குத் தரும் கையேட்டிலேயே அதைப் போடுங்கள்.

டிரெய்லர் செய்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது எர்த். டிரெய்லரைப் பைக்கோடு மாட்டும் கொக்கி உருண்டை வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று விடாதீர்கள். அதில் கிரீஸ் இருக்கும், துரு இருக்கும், ஓடும்போது குலுங்கும். எர்த் அறுந்தால் இண்டிகேட்டருக்குப் போன மின்சாரம் திரும்பும் வழி தேடி டெயில் இழைக்குள் புகுந்துவிடும். இடது போட்டால் வலது டெயிலும் மங்கலாகச் சிமிட்டும். ஒயர் மாறிவிட்டது என்று நினைத்து, சரியாக இருந்த இணைப்புகளையெல்லாம் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கனெக்டர் வரை எர்த்துக்குத் தனி ஒயர் போடுங்கள். பைக் வளைவில் சாயும் என்பதை மனதில் வைத்து, தரையில் உரசாத அளவுக்கு நீளமும் கொடுங்கள்.

இரண்டாவது, இழுப்புத் தண்டின் மேல் அழியாத ஒரு தகடு. பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே இழையா, தனித்தனியா; பல்பா, எல்இடியா; பிரேக் பிடிக்கும்போது மொத்தம் எத்தனை வாட். இந்த மூன்றும் அதில் இருந்திருந்தால், ஐந்தாவது ஒயரைத் தேடிப் போயிருப்பேன்.

நண்பரின் வண்டியில் இப்போது ஐசொலேட்டரும், டிரெய்லரில் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. கனெக்டர் மூடியில் ஐந்து பின்களின் வேலையையும் மார்க்கர் பேனாவால் எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் அழிகிறது. நான் மறுபடி எழுதுகிறேன். அடுத்த மாடலில் அதை நீங்கள் அச்சிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டிரெய்லருக்குப் பின்னால் வந்த ஒருவன்