வேடந்தாங்கல் ஏரி: சங்கச் செயலரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஆயக்கட்டு விவசாயிகளுக்கும், மகளிர் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். நம் கூட்டத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. அதற்கு முன்பே, புரட்டாசியில், வனத்துறையின் அனுமதியோடு வரத்துக் கால்வாய்களில் மண்டியிருந்த வேலிகாத்தானை (சீமைக்கருவேலத்தை) வெட்டி அகற்றியிருந்தோம். அதனால் வந்த வெள்ளம் வழியில் தேங்காமல் ஏரிக்குள் இறங்கியது. கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. நத்தைகுத்தி நாரைகள் முதலில் வந்து கூடு கட்டின. பின்னாலேயே நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, அரிவாள்மூக்கன் எல்லாம் வந்தன. தை பிறந்தபோது கூழைக்கடாக்கள் நீர்க்கடம்பு மரங்களின் உச்சியைப் பிடித்திருந்தன.

மார்கழி மழை பொய்த்தது. நவரைப் பருவ நெல்லுக்கு அதற்குள் நாற்று விட்டாயிற்று. மதகு இரவும் பகலும் திறந்து கிடக்க, தை முடிவதற்குள் கரையோர மரங்களின் அடியில் சேறு தெரியத் தொடங்கியது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரைதான் கூட்டுக்குக் காவல். தரை காய்ந்தால் நாயும் பூனையும் மரத்தடிக்கு வந்துவிடும்; தாய்ப்பறவைகள் குஞ்சுகளை விட்டுவிட்டும் போகும். இறகு முளைக்காத குஞ்சுகள் அப்போது நூற்றுக்கணக்கில் கூடுகளில் இருந்தன.

அதற்காகக் கூட்டிய அவசரக் கூட்டம் நள்ளிரவு வரை நீண்டது. இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி அதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். "பறவைக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறீர்கள், என் பிள்ளைக்குச் சோறு வேண்டாமா?" என்று, பாசனக் கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடை விவசாயி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவரை எதிர்த்து யாரும் பேசவில்லை. பிறகு மூத்த பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து, பறவை எச்சம் கலந்த இந்தத் தண்ணீர் பாய்வதால்தான் நம் வயலுக்கு யூரியாச் செலவு குறைகிறது, அந்த எருவுக்கு நாம் இதுவரை என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று கேட்டார். பேச்சு அங்கிருந்து திரும்பியது.

முடிவு இது: இரவில் மதகை அடைப்பது, பகலில் முறை வைத்துப் பாய்ச்சுவது, மரங்களின் அடி நனைந்திருக்கும் அளவுக்குக் கீழே நீர் இறங்கினால் முழுவதும் மூடுவது. இன்னும் நடவு செய்யாத மேட்டு வயல்காரர்கள் நெல்லை விட்டு உளுந்து விதைத்தார்கள். கிணறு வைத்திருந்தவர்கள், நட்டு முடித்த கடைமடை வயல்களுக்குக் காசு வாங்காமல் தண்ணீர் விட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. பங்குனிக் கடைசியில் இளம் கூழைக்கடாக்கள் கூட்டமாக வானில் வட்டமிட்டதைப் பார்த்தபோது, அவற்றின் சிறகில் கடைமடைக்காரரின் பங்கும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மகசூல் குறைந்தவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து விதைநெல் கொடுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

பறவைகளுக்கான இந்த வழக்கை நம் முன்னோர் நமக்கு முன்பே நடத்தியவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். 1936-இல் சரணாலயம் என்ற பெயர் வந்தது. 2022-இல் நம் ஏரியும் பக்கத்துக் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் ராம்சர் ஈரநிலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவையாக அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள், ஆயின. 1998 முதல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலய எல்லை. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முயற்சி எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. நம் பறவைகள் இந்த ஏரிக்குள் மட்டும் மேய்வதில்லை. சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும்தான் இரை தேடுகின்றன. எனவே அந்த 5 கிலோமீட்டரில் ஒரு முழத்தைக்கூட நாம் விட்டுக்கொடுக்க முடியாது. பூச்சிமருந்தைக் குறைக்கும்படி பக்கத்து ஊர் விவசாயிகளிடம் இவ்வாண்டு பேசத் தொடங்கியிருக்கிறோம்.

தீபாவளிக்கு வழக்கம்போல் ஊரில் வெடிச்சத்தம் இல்லை. ஆனால் பொங்கல் விடுமுறையில், அருகிலுள்ள தங்கும் விடுதி ஒன்றில் நடந்த விருந்தில் இரவு வாணவேடிக்கை நடத்தினார்கள். பறவைகள் இருட்டில் கலைந்து எழுந்து நெடுநேரம் அமரவில்லை. மறுநாள் காலை மரத்தடியில் குஞ்சுகள் விழுந்து கிடந்தன. அந்தக் காலையை நினைத்தால் இன்றும் கோபம் அடங்கவில்லை. உரியவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

ஞாயிறுதோறும் கரையில் சுற்றுலாப் பயணிகள் போட்ட பிளாஸ்டிக்கைப் பொறுக்கிய இளைஞர்களுக்கு நன்றி. பள்ளிப் பிள்ளைகளை விடியற்காலையில் கரைக்கு அழைத்துச் சென்றது இவ்வாண்டு புதிது. நம் ஊரிலேயே பிறந்தும் பைனாகுலரில் ஒரு நாரையைக் கிட்டத்தில் பார்த்திராத பிள்ளைகள் பலர் இருந்தார்கள். கரண்டிவாயன் தண்ணீரை அலகால் துழாவுவதைப் பார்த்த சிறுமி ஒருத்தி, "எங்க ஆயா கூழ் துழாவுற மாதிரியே இருக்கு" என்றாள். மாலைகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசக் கரையில் வேப்பமரத்தடியைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மதகின் அடைப்புப் பலகை இற்றுப்போய், மூடிய பிறகும் தண்ணீர் கசிகிறது. கோடையில் ஏரி வற்றியிருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். துறையிடம் மனுக் கொடுத்தாயிற்று. பழுதுபார்க்க வரும் நாளில் மதகடி மண்ணை வெட்டி ஒதுக்குவது நம் பொறுப்பு. ஆடிப்பெருக்குக்கு முன் நாள் குறிக்கப்படும். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலர்